பாலம் நலம்

மச்சான்பாவ் தாண்டிப் பதினேழு நாள் நடை.
(மோல்மீனில் இந்தப் பெயரைச் சொன்னால்
"யாருக்கு மச்சான்?" என்பாள் இரஞ்சிதமணி.
என் சம்பளத்தில் பாதி
பூட்ஸுக்கே போகிறது என்று அவளுக்குக் கணக்கு.)

கீழே வரும் வழியெல்லாம் ஆறு
கத்தி கீறிய வெட்டுக்குள் கத்திக்கொண்டிருந்தது.
அட்டைக்கடி ஓய்ந்து, தேவதாரு தொடங்கும் உயரத்தில்
பள்ளத்தாக்கு சட்டென்று அகன்றது.
அடி தட்டை, ஓரம் செங்குத்து:
ஊருக்கே பாயசம் காய்ச்சும் உருளி.
அதன் அடியில்
கழுவி ஊற்றிய நீராய் ஓர் ஆறு.

இதுவா இவ்வளவு அகலம் தோண்டியது என்றேன்.
பூங் பாரத்தை இறக்கினான்.
"தோண்டவில்லை. குடிவந்திருக்கிறது."

முன்பு இருந்தது பனியாறு.
காலி செய்தபோது எதையும் ஒழுங்குபண்ணவில்லை.
லாரி அளவுக் கல்லை நடுவில் விட்டுப்போயிருக்கிறது.
சுவர்ப் பாறையில், கரடிக்கு எட்டாத உயரத்தில்
படுக்கைவாட்டில் கீறல்கள்.
விரல் வைத்துப் பார்த்தேன்.
எத்தனை ஆயிரம் மழைக்காலம் கழிந்தும்
ஆறாமலே இருக்கின்றன,
ஆற்றுக்கு மேலே.

அந்தக் கல்லை ஆறு வென்றது என்று எழுத ஆசைதான்.
நான் பார்த்தது வேறு.
கல்லின் முன்னால் தயங்குகிறது.
இரண்டாகப் பிரிந்து இழைகிறது.
பின்னால் போய்க் குழி பறிக்கிறது.
பறித்த சரளையை முப்பது முழம் கீழே கொட்டி
தானே தனக்கொரு மேடு கட்டி
அதில் முட்டி
அக்கரைப் பக்கம் சாய்ந்து
அங்கே கரையைத் தின்று
தின்றதை அடுத்த வளைவில் துப்பி,
இப்படியே, படி படியாக,
ஒரு குழி ஒரு மேடு ஒரு குழி,
மலை இறங்குகிறது.
யாரும் அவசரப்படுத்தவில்லை.

போன நவம்பரில் நான் அளந்த இடம் அது.
முப்பத்தெட்டு மீட்டர்.
இரும்புக் கயிற்றை அறுபது பேர்
ஒரே பாம்பாகத் தோளில் சுமந்து வந்தார்கள்.
வரிசையில் நாற்பத்தொன்றாவது ஆள் நான்.
இப்போது சோதனைக்கு வந்திருக்கிறேன்.

பாலம் இருக்கிறது.
பலகை ஒன்றுகூட ஆடவில்லை.
அடியில் ஆறு இல்லை.

ஆகஸ்டில் மேற்குச் சுவர் சரிந்ததாம்.
பனி முட்டுக்கொடுத்து நின்ற சுவர்.
முட்டு போனது தெரிந்து
இத்தனை காலம் கழித்துக் கொஞ்சம் உட்கார்ந்திருக்கிறது.
சரிந்த மண் விசிறியாய் விரிந்து
ஆற்றை ஓரம் தள்ளிவிட்டது,
எழுபது அடி கிழக்கே.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கையில் ஒருத்தி
முதுகுக் கூடையில் உப்போடு வந்தாள்.
பாலத்தில் ஏறினாள்.
காய்ந்த கற்களின் மேல் ஆடி ஆடி நடந்தாள்.
அந்தப்பக்கம் இறங்கி, லுங்கியைச் சுருட்டி,
தொடையளவு தண்ணீரில் ஆற்றைக் கடந்தாள்.
பூங் கத்திக் கேட்டான், ஏன் என்று.
அவள் கத்திச் சொன்னதை
அவன் எனக்குப் பர்மியத்தில் சொன்னான்:
"கட்டிக் கொடுத்திருக்கிறார்களே, மரியாதைக்கு."

ராத்திரி நெருப்போரம் படிவம் நிரப்பினேன்.
பெயர்: கோ டின் ஆங்.
(திருவேங்கடத்துக்கு அங்கே கட்டம் போதாது.)
பாலத்தின் நிலை: நலம்.
ஆற்றின் நிலை எழுதக் கட்டமே இல்லை.
ஓரத்தில் பென்சிலால் ஒரு வளைவு வரைந்தேன்.
பேனாவால் வரைய மனம் வரவில்லை.

இருட்டில் கற்கள் உருளும் சத்தம்.
பெரிய கல் அல்ல, அது இருந்த இடத்தில் இருக்கிறது.
சிறியவை.
தண்ணீருக்கடியில் யாரோ பாத்திரங்களை
இடம் மாற்றி இடம் மாற்றி வைப்பதுபோல்.

விடிந்ததும் புது ஆற்றின் குறுக்கே டேப் பிடித்தோம்.
நேற்று சாயங்காலம் பன்னிரண்டு மீட்டர்.
இப்போது நாலு விரல் கூட.
மறுபடி பிடித்தோம்.
உன் டேப் குளிரில் சுருங்கியிருக்கும் என்றான் பூங்.
இருக்கலாம்.
சொல்லிக்கொண்டிருக்கும்போதே
அவன் காலடியில் கரை
ஒரு பிடி உதிர்ந்தது.